பயோஹேக்கிங்: 40,000 ரூபாய்க்கு எதை வாங்கித் தொடங்கலாம்?

பிப்ரவரி 4, 2025. ஒரு வாசகரின் கேள்வி

வயது 36, சென்னையில் ஐடி வேலை. போன மாதப் பரிசோதனையில் எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 5.8. மதியம் மூன்று மணிக்கு மேல் மூளை வேலைநிறுத்தம் செய்கிறது. ஆபீஸில் ஒருவர் விரலில் ஸ்மார்ட் மோதிரம், ஒருவர் கையில் சர்க்கரை சென்சார், இன்னொருவர் ஆயுளைக் கூட்டும் என்கிற என்எம்என் மாத்திரை, ஐஸ் குளியல் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நாற்பதாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். எதில் தொடங்கலாம்? "சீக்கிரம் தூங்கு, நட" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அதை என் அம்மா தினமும் இலவசமாகச் சொல்கிறார்.

பிப்ரவரி 4, இரவு. என் பதில்

பணம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். முதலில் நீங்கள் எந்தக் கூட்டத்தில் சேரப்போகிறீர்கள் என்று பார்ப்போம். தன் உடம்பைத் தானே சோதித்து மேம்படுத்தப் பார்ப்பதைப் பயோஹேக்கிங் என்கிறார்கள். இந்த ஒரே பெயரில் மூன்று வகை ஆட்கள் இருக்கிறார்கள்.

ஒன்று, உடம்புக்குள் கை வைப்பவர்கள். இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகப் பேராசிரியர் கெவின் வார்விக் 1998இல் கைக்குள் சிப் பதித்துக்கொண்டு அலுவலகக் கதவுகளைத் திறந்தார். அமெரிக்காவின் ஜோசையா ஜேனர் 2017இல் மேடையிலேயே மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் ஊசியைக் கையில் போட்டுக்கொண்டார், தசை வளரும் என்று. வளரவில்லை. இது உங்களுக்கு வேண்டாம்.

இரண்டு, அளப்பவர்கள். 2007இல் சான் பிரான்சிஸ்கோ பக்கம் கேரி உல்ஃபும் கெவின் கெல்லியும் தொடங்கிவைத்த 'குவான்டிஃபைட் செல்ஃப்' கூட்டம். தூக்கம், எடை, மனநிலை எல்லாவற்றையும் எண்ணாக்கிப் பார்ப்பவர்கள். எனக்குப் பிடித்தவர்கள் இவர்கள்தான்.

மூன்று, சாகவே கூடாது என்பவர்கள். காசு புழங்குவது இங்கே.

நீங்கள் இரண்டாவதையும் மூன்றாவதையும் கலந்து கேட்கிறீர்கள், கடைக்காரர்களும் கலந்துதான் விற்கிறார்கள். நான் பிரிக்கும் விதம் இது: ஒரு மாதத்துக்குள் உங்கள் உடம்பிலேயே சரிபார்க்க முடிகிற விஷயமா, இல்லையா? மாலைக் காபி தூக்கத்தைக் கெடுக்கிறதா என்பதை நீங்களே சரிபார்க்கலாம். என்எம்என் ஆயுளைக் கூட்டுகிறதா என்பதைச் சரிபார்க்க நீங்கள் இரண்டு தடவை வாழ்ந்து, ஒரு தடவை மாத்திரை சாப்பிடாமல் இருக்க வேண்டும். அந்த மாதிரி விஷயத்தில் நம் அனுபவம் செல்லாக்காசு. ஆயிரக்கணக்கானவர்களை வைத்துச் செய்த ஆய்வு வந்தால் பார்க்கலாம், வராவிட்டால் விட்டுவிடலாம்.

என்எம்என் சாப்பிட்டால், செல்கள் ஆற்றல் தயாரிக்கத் தேவையான என்ஏடி ரத்தத்தில் கூடுகிறது, அதை மனிதர்களிடமே பார்த்திருக்கிறார்கள். ஆயுள் கூடுகிறது என்பதற்கு மனிதர்களிடம் ஆதாரம் கிடையாது. இதே ரகத்தில் முன்பு ரெஸ்வெரட்ரால் என்று ஒன்று ஓடியது, சிவப்பு ஒயினில் இருப்பது. அதை வைத்து ஆரம்பித்த சர்ட்ரிஸ் நிறுவனத்தை 2008இல் மருந்துக் கம்பெனி கிளாக்ஸோ 72 கோடி டாலருக்கு வாங்கி, 2013இல் மூடியது. அவர்களிடம் இல்லாத ஆய்வுக்கூடமா உங்கள் சமையலறை அலமாரியில் இருக்கிறது?

பிப்ரவரி 5

"நீங்கள் டாக்டரா?" என்று பின்னூட்டத்தில் கேட்டிருக்கிறார்கள். இல்லை. அம்பத்தூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு. ஒரே பாகத்தை ஒரே மைக்ரோமீட்டரில் திரும்பத் திரும்ப அளந்து, கருவியே எவ்வளவு தடுமாறுகிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் பாகத்தைக் குறை சொல்வோம். உடம்புக்கும் அதே வழக்கம்தான்.

பிப்ரவரி 8

சர்க்கரை சென்சார். உங்கள் 5.8க்கு இதை ஒரு தடவை மாட்டிப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. 5.7லிருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்பார்கள், அதன் வாசலில் நிற்கிறீர்கள். இரண்டு வாரம் ஓடும் சென்சார் ஐயாயிரத்தைச் சுற்றி வரும். ஒன்று போதும், மாதச் சந்தா எல்லாம் வேண்டாம்.

மாட்டியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, ஒரே காலை உணவை வெவ்வேறு நாட்களில் அப்படியே திரும்பச் சாப்பிடுவது. அதே கடை இட்லி, அதே எண்ணிக்கை, அதே சாம்பார், அதே நேரம். எனக்கு வரைபடம் ஒரு நாள் ஒரு மாதிரி, இன்னொரு நாள் வேறு மாதிரி வந்தது. முந்தைய இரவுத் தூக்கம், காலையில் பஸ் பிடிக்க ஓடியது, எல்லாமே அதில் கலக்கிறது. இந்தத் தடுமாற்றம் எவ்வளவு என்று தெரியாமல் "இட்லியைவிடத் தோசை நல்லது" என்று தீர்ப்பு எழுதக் கூடாது.

இன்னும் இரண்டு விஷயம். சென்சார் அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் செல்களுக்கு நடுவே இருக்கும் நீரை. அதனால் சில நிமிடம் பின்தங்கித்தான் காட்டும். மாட்டிய கையை அழுத்திப் படுத்தால் நடுராத்திரியில் சர்க்கரை பாதாளத்துக்குப் போனதாக அலறும். பயப்படாமல் திரும்பிப் படுங்கள்.

சரி, நான் கண்டதில் பெரிய வேடிக்கை வெண்பொங்கல். நெய் மிதக்க மிதக்கச் சாப்பிட்டேன். இட்லிக்குச் செங்குத்தாக ஏறிய கோடு, பொங்கலுக்கு நிதானமாக ஏறியது. கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான் சங்கதி. இறங்குவதற்கும் அதே அளவு அடம் பிடித்தது. கோடு தட்டையாக இருந்தால் ஆரோக்கியம் என்று முடிவு கட்டினால், நெய்யை டம்ளரில் ஊற்றிக் குடித்தால் நூற்றுக்கு நூறு வாங்கலாம். சென்சாருக்குச் சர்க்கரை மட்டும்தான் தெரியும், கொலஸ்ட்ரால் தெரியாது.

எனக்குத் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி பலன் கொடுத்தது ஒன்றுதான்: இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு மொட்டை மாடியில் கால் மணி நேர நடை. உங்கள் அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

பிப்ரவரி 9

வெண்ணெய்க் காபி பற்றிக் கேட்டவருக்கு: டேவ் ஆஸ்ப்ரே என்ற அமெரிக்கர் திபெத்தில் யாக் வெண்ணெய்த் தேநீர் குடித்துவிட்டு வந்து 'புல்லட்புரூஃப்' என்று கடை விரித்தார். அங்கே குளிர், மலை ஏற்றம். நீங்கள் ஓஎம்ஆர் டிராஃபிக்கில் உட்கார்ந்து குடிக்கப்போகிறீர்கள். சிலருக்கு எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் நன்றாகவே ஏறும். குடித்தே தீருவேன் என்றால் முன்னும் பின்னும் லிபிட் (ரத்தக் கொழுப்பு) பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

பிப்ரவரி 16

காபி. முதல் சோதனையாக நான் யாருக்கும் சொல்வது இதைத்தான், காசே ஆகாது.

மூளையில் அடினோசின் என்ற பொருள் சேரச் சேரத் தூக்கம் வரும். கஃபீன் அதற்கான நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. உடம்பில் பாதி கஃபீன் வெளியேறப் பொதுவாக ஐந்தாறு மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணிக் காபியில் பாதி, இரவு பத்தரைக்கும் உள்ளே இருக்கிறது. "நான் காபி குடித்த கையோடு தூங்குவேன்" என்று சொல்லும் நண்பர் எல்லோருக்கும் உண்டு. கஃபீனைக் கரைக்கும் கல்லீரல் நொதி ஆளுக்கு ஆள் வேறுபடும். சிகரெட் பிடிப்பவர்களுக்கு வேகமாகக் கரையும், கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு மெதுவாகக் கரையும். அதனால் அவர் சொல்வது அவருக்கு உண்மையாகவே இருக்கலாம். உங்களுக்கு அது சாட்சி ஆகாது.

இதில் தமிழ்நாட்டுச் சிக்கல் ஒன்று இருக்கிறது. கடையில் வாங்கும் ஃபில்டர் காபித் தூள் பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். பல பாக்கெட்டுகளில் காபி 53 சதவீதம், சிக்கரி 47 சதவீதம். சிக்கரியில் கஃபீன் கிடையாது. சிக்கரி கலக்காத தூளை அரைத்து வாங்குபவரின் ஒரு டம்ளரும் இதுவும் ஒன்றல்ல. முதல் டிகாக்‌ஷனும் இரண்டாவது டிகாக்‌ஷனும்கூட ஒன்றல்ல. எனவே "ஒரு கப்" என்று வெளிநாட்டுக் கட்டுரையில் படித்ததை இங்கே அப்படியே பொருத்தாதீர்கள்.

சோதனை இப்படி: தினமும் மதியம் ஒரு நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் மாலைக் காபி உண்டு, பூ விழுந்தால் இல்லை. மறுநாள் காலை, மோதிரத்தையோ போனையோ பார்க்கும் முன், தூக்கத்துக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு மதிப்பெண் எழுதுங்கள். நாணயம் எதற்கு? இல்லாவிட்டால் வேலை நெருக்கும் நாளில் காபி குடிப்பீர்கள், அன்று தூக்கம் கெட்டதற்கு மேனேஜர் காரணமாக இருப்பார், பழி காபி மேல் விழும். நாணயத்துக்கு மேனேஜரைத் தெரியாது.

பிப்ரவரி 17

ஒரு சேர்க்கை. தினமும் ஐந்தாறு டம்ளர் குடிப்பவர் நாணயத்தில் பூ விழுந்தது என்று திடீரென்று நிறுத்தினால் தலைவலி வரும், அந்தத் தலைவலியே தூக்கத்தைக் கெடுக்கும். முதலில் காலை இரண்டு, மாலை ஒன்று என்ற நிலைக்கு வாருங்கள். அப்புறம் நாணயம்.

மார்ச் 2

மோதிரம். பின்லாந்து ஊராவோ பெங்களூரு அல்ட்ராஹியூமனோ, நாடித்துடிப்பு, அசைவு, தோல் வெப்பம் ஆகியவற்றை வைத்து ஊகிக்கிறது. மூளை அலையை அளக்கும் வசதி விரலில் இல்லை. ஆகவே மொத்தத் தூக்க நேரத்தை ஓரளவு நம்பலாம், ஓய்வு நாடித்துடிப்பை நன்றாகவே நம்பலாம். "ஆழ்ந்த தூக்கம் 47 நிமிடம்" என்பதைப் படித்துச் சிரித்துவிட்டுப் போகலாம்.

ஓய்வு நாடித்துடிப்பு ரொம்ப நேர்மையான ஆள். கல்யாண ரிசப்ஷனில் பத்தரை மணிக்குப் பிரியாணி சாப்பிட்ட இரவு, காய்ச்சல் வருவதற்கு முந்தைய இரவு, இரண்டு பெக் போட்ட இரவு, எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். எச்ஆர்வியை, அதாவது ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்பதை, பக்கத்து சீட்காரரோடு ஒப்பிடாதீர்கள். உங்கள் போன மாதத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

மதிப்பெண்ணுக்காகப் படுக்கையில் புரள்பவர்கள் இருக்கிறார்கள். தூக்கப் பதிவைச் சரியாக்கும் கவலையிலேயே தூக்கம் கெடுகிறவர்களைப் பற்றி 2017இலேயே மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். நான் ஞாயிற்றுக்கிழமைதான் பார்ப்பேன், வாரச் சராசரியை.

மார்ச் 3

ஐஸ் குளியல்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள், அவர்களைப் பற்றி எழுதவில்லையாம். எழுதுகிறேன். முதலில் ஐஸ் வேண்டும். ஏப்ரல் வந்துவிட்டால் எங்கள் வீட்டுச் சின்டெக்ஸ் தொட்டித் தண்ணீரில் டீத்தூள் போட்டால் டீ இறங்கும்.

குளிர்ந்த நீர் சுறுசுறுப்பைத் தருகிறது, உண்மை. ஆனால் பளு தூக்கிவிட்டு உடனே ஐஸில் இறங்கினால் தசை வளர்ச்சி குறைகிறது என்று 2015இல் ஆய்வு வந்தது. தசை வேண்டும் என்று ஜிம்முக்குக் கட்டிவிட்டு, அதைக் கரைக்க ஐஸுக்கும் கட்டுவது நல்ல வியாபாரம், ஐஸ் விற்பவருக்கு. ரத்த அழுத்தம், இதயப் பிரச்சினை இருப்பவர்கள் கேட்காமல் இறங்க வேண்டாம்.

சூடான அறையில் வியர்க்க உட்காரும் சானாவுக்குப் பின்லாந்து ஆய்வை எல்லோரும் காட்டுவார்கள். சுமார் 2,300 நடுவயது ஆண்களை இருபது வருடம் பின்தொடர்ந்தார்கள். வாரத்தில் அதிக நாள் சானா போனவர்கள் குறைவாகச் செத்தார்கள். உடம்பு நன்றாக இருப்பவன்தான் அடிக்கடி சானா போவான் என்ற சந்தேகத்தை அந்த ஆய்வால் முழுதாகப் போக்க முடியாது. மே மாதச் சென்னையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால் அது சானா ஆகுமா என்று கேட்டவருக்கு: ஆகாது, மின்விசிறியைப் போடுங்கள்.

மார்ச் 15

மாத்திரைகள். இதில் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் கெடுதல் நடப்பது இங்கேதான்.

என் சித்தப்பா மகள் முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டாள், 10 மி.கி. நாளொன்றுக்குத் தேவை 30 மைக்ரோகிராம்தான், முந்நூறு மடங்குக்கு மேல். பயோட்டின் நேரடியாக அவளுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. முழு உடல் பரிசோதனைக்குப் போனாள். டிஎஸ்எச் தரைமட்டம், டி4 மேலே. தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று வீடே கலங்கியது. சித்தி திருப்பதிக்கு வேண்டிக்கொண்டுவிட்டார். நல்லவேளை, பார்த்த டாக்டர் மாத்திரை கொடுக்கும் முன் "முடிக்கு ஏதாவது சாப்பிடுகிறாயா?" என்று கேட்டார். சில நாள் நிறுத்திவிட்டுத் திரும்ப எடுத்ததில் எல்லாம் இயல்பு. பல ஆய்வகக் கருவிகள் பரிசோதனைக்கே பயோட்டினைப் பசைபோலப் பயன்படுத்துகின்றன, ரத்தத்தில் அது மிதந்தால் கணக்கு தப்பும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனை பொய்யாகக் குறைத்துக் காட்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017இல் எச்சரித்தது. அது தைராய்டைவிடப் பயங்கரம்.

இதன் தம்பி, தசை பலத்துக்காக ஜிம்காரர்கள் சாப்பிடும் கிரியேட்டின். நல்ல பொருள், விளையாட்டுத் துறையில் இதைப் போல ஆய்வு செய்யப்பட்டவை குறைவு. நாளுக்கு 3 முதல் 5 கிராம். சைவம் சாப்பிடுகிறவர்களின் தசையில் இது குறைவாக இருப்பதால் அவர்களுக்குப் பலன் கூடுதலாகத் தெரியலாம். ஆனால் ரத்தத்தில், கிட்னியைச் சோதிக்கப் பார்க்கும் கிரியேட்டினின் சற்று ஏறும், கிட்னி கெட்டுவிட்டது என்று ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்து வரும். டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் சிஸ்டாட்டின் சி என்று இன்னொரு பரிசோதனை உண்டு.

வைட்டமின் டி, 60,000 ஐயூ. வாரத்துக்கு ஒன்று, குறிப்பிட்ட வாரங்களுக்கு என்றுதான் எழுதித் தருவார்கள். அதைத் தினம் ஒன்றாகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் கிட்னிப் பிரச்சினையுமாக ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் உண்டு. சீட்டைத் திரும்பப் படியுங்கள்.

மார்ச் 16

அஸ்வகந்தா? டென்மார்க் 2023இல் தடை செய்தது. கல்லீரல் பாதிப்பு கண்டதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. மஞ்சள் காமாலை வந்தவரிடம் அதைச் சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்காது. "மூலிகைதானே" என்ற வார்த்தையை இந்த இழையில் இதுவரை நான்கு பேர் எழுதிவிட்டார்கள். அரளியும் மூலிகைதான்.

ஏப்ரல் 6

கேள்வி கேட்டவர் சென்சார் மாட்டி, வரைபடங்களை எனக்கு அனுப்பியிருக்கிறார். அனுமதியோடு எழுதுகிறேன். ஒன்றேகாலுக்கு ஃபுல் மீல்ஸ், இரண்டு மணிக்குக் கோடு உச்சியில், மூன்று மணிக்கு மூளை மந்தம். குற்றவாளி கையும் களவுமாக மாட்டிக்கொண்டதாகத்தான் அவர் நினைத்தார். நாணயம் சுண்டி, சில நாள் சாப்பிட்டபின் கட்டிடத்தைச் சுற்றி நடந்தார், சில நாள் நேராக சீட்டுக்குப் போனார். நடந்த நாட்களில் உச்சி தெளிவாகக் குறைந்தது. மூன்று மணி மந்தம் அப்படியே இருந்தது.

ஆக, சர்க்கரைக்கு நடை நல்லது, மந்தத்துக்கு வேறு காரணம். மதிய மந்தம் சாப்பிடாவிட்டாலும் வரும், உடம்பின் உள்கடிகாரமே அந்த நேரத்தில் கொஞ்சம் தொய்கிறது. (அந்தக் கடிகாரத்தின் மரபணுக்களைப் பழ ஈக்களில் கண்டுபிடித்த மூவருக்கு 2017இல் நோபல் கொடுத்தார்கள்.) குறைத் தூக்கம் அந்தத் தொய்வைப் பள்ளமாக்கிவிடும். இவர் ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறார் என்பதை மார்ச் கடைசியில்தான் வாய்திறந்தார்.

ஏப்ரல் 20

16 மணி நேர விரதம். செல் தன் பழைய பாகங்களைத் தானே தின்று தீர்ப்பதுதான் ஆட்டோஃபேஜி. ஜப்பான் விஞ்ஞானி ஓசுமிக்கு 2016இல் அதற்காக நோபல் கிடைத்தது, ஈஸ்ட்டில் செய்த வேலைக்கு. உங்கள் உடம்பில் அது எத்தனையாவது மணியில் தொடங்குகிறது என்று காட்டும் ஆப் வெறும் கடிகாரம். 2022இல் சீனாவின் குவாங்ஜோவில் உடல் பருமன் உள்ள 139 பேரை ஒரு வருடம் பார்த்தார்கள். இரண்டு குழுவுக்கும் ஒரே கலோரிக் கட்டுப்பாடு, பாதிப் பேர் காலை 8 முதல் மாலை 4க்குள் மட்டும் சாப்பிட்டார்கள். எடை இழப்பில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இரவு பத்து மணி நொறுக்குத்தீனியை நிறுத்த உதவினால் விரதம் இருங்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள், சர்க்கரை தாழ்ந்துபோகும்.

"நம் முன்னோர் ஏகாதசியிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்" என்பவருக்கு: எங்கள் வீட்டு ஏகாதசியில் சாதம்தான் கிடையாது. ரவை உப்புமா, ஜவ்வரிசி வடை, நேந்திரம்பழம், பால் உண்டு. மற்ற நாளைவிடக் கனமான சாப்பாடு.

மே 11

சாகாமல் இருக்கப் பார்க்கும் அமெரிக்கப் பணக்காரர் பிரையன் ஜான்சனைக் காட்டி வாதம் செய்கிறார்கள். 2013இல் கம்பெனியை 80 கோடி டாலருக்கு விற்றவர். வருடத்துக்கு இருபது லட்சம் டாலர் தன் உடம்புக்குச் செலவழிப்பதாகச் சொல்கிறார். மகனின் ரத்தப் பிளாஸ்மாவை 2023இல் ஏற்றிப் பார்த்து, பலன் இல்லை என்று அவரே சொன்னார். ஆயுளைக் கூட்டும் என்று நம்பி எடுத்த ராபமைசின் மருந்தை 2024இல் பக்கவிளைவால் நிறுத்தினார். வெளிப்படையாகச் சொல்வதற்கு மரியாதை உண்டு. ஆனால் நூறு விஷயத்தை ஒரே நேரத்தில் செய்கிறார். நாளை எண் ஒன்று நன்றாக வந்தால் எது காரணம்? தூக்கமா, காய்கறியா, மாத்திரையா? விற்பது மட்டும் மாத்திரையையும் ஆலிவ் எண்ணெயையும்.

சுயசோதனை என்றால் எனக்கு பாரி மார்ஷல்தான். ஆஸ்திரேலிய டாக்டர். வயிற்றழற்சிக்கும் புண்ணுக்கும் பாக்டீரியா காரணம் என்றார், யாரும் நம்பவில்லை. 1984இல் எண்டோஸ்கோப்பி செய்து தன் வயிறு சுத்தமாக இருப்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, ஹெலிகோபாக்டர் என்ற அந்தப் பாக்டீரியா கலந்த கரைசலைக் குடித்தார். சில நாளில் வாந்தி, வாய் நாற்றம். திரும்ப எண்டோஸ்கோப்பி, வயிற்றில் அழற்சி, பாக்டீரியா. ஒரே கேள்வி, முன்னால் ஓர் அளவு, பின்னால் ஓர் அளவு, பதில் சில நாளில். 2005இல் ராபின் வாரனோடு நோபல் வாங்கினார். (யாரும் எதையும் குடிக்க வேண்டாம்.)

மே 12

மேலே உள்ளதோடு சேர்த்துப் படிக்க. 1966இல் டல்லஸில் ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். முப்பது வருடம் கழித்து அதே ஐவரைத் திரும்ப அளந்தபோது, உடம்பின் உழைப்புத் திறன் முப்பது வருட மூப்பில் குறைந்ததைவிட அந்த மூன்று வாரத்தில் அதிகம் குறைந்திருந்தது. ஐடி நாற்காலிக்காரர்கள் இதை இன்னொரு முறை படிக்கலாம்.

இதை அளக்க ஆய்வகம் தேவையில்லை. பரங்கிமலைப் படிகளை அடியிலிருந்து உச்சி வரை ஒரே வேகத்தில் ஏறுங்கள். நேரத்தைக் குறியுங்கள், உச்சியில் நாடியையும், ஒரு நிமிடம் நின்றபின் திரும்பவும் பாருங்கள். நாடி எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ அவ்வளவு நல்லது. ஒரு நிமிடத்தில் பன்னிரண்டுகூட இறங்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். ஏறும்போது நெஞ்சு அழுத்தினால் அங்கேயே நில்லுங்கள், அளவு எடுக்க வேண்டாம்.

பத்தாயிரம் அடி கணக்கு 1965இல் ஜப்பானில் ஒரு நடைமானி விற்கக் கிளம்பியது. வயதான பெண்களிடம் செய்த 2019 ஆய்வில் 7,500 வாக்கிலேயே பலன் சமநிலைக்கு வந்துவிட்டது.

ஜூன் 1

கேள்வி கேட்டவர் கணக்குக் கொடுத்திருக்கிறார்: சென்சார், நல்ல ஷூ, படுக்கையறைக்குத் தடித்த திரை. மோதிரம் வாங்கவில்லை. பாதிக்கு மேல் மிச்சம், மனைவி ஏசி சர்வீஸுக்கு எடுத்துக்கொண்டார். ஏழு மணி நேரத்தைத் தொடும் நாட்களில் மூன்று மணி மந்தம் பரவாயில்லையாம்.

"எச்பிஏ1சி எப்போது திரும்ப எடுக்கலாம்?" என்கிறார். சிவப்பணு நூற்றிருபது நாள் வாழும், ரொம்ப அவசரப்பட்டு எடுத்தால் பழைய சர்க்கரையும் கலந்துதான் தெரியும். ஷூ வாங்கி மூன்று மாதம் ஆகட்டும், ஜூலைக் கடைசியில் எடுங்கள். அதே லேபில் எடுங்கள். ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் (உடம்பின் இரும்புச் சேமிப்பு) சேர்த்துப் பாருங்கள், இரும்புச்சத்து குறைந்திருந்தால் எச்பிஏ1சி பொய்யாக ஏறிக் காட்டும். 5.7 வந்தால் பார்ட்டி வைக்காதீர்கள், 5.9 வந்தால் அழாதீர்கள், அந்த அளவு தடுமாற்றம் பரிசோதனைக்கே உண்டு. 5.5 வந்தால் இங்கே எழுதுங்கள், அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசிப்போம்.